கியூஎமு ஸ்டோரேஜ் மேனுவல்: எல்லாமே இருக்கு, கை வைக்கிற எடத்துல இல்ல

கியூஎமுன்னா ஒரே கம்ப்யூட்டருக்குள்ள பல கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர். அந்த சாஃப்ட்வேருக்கு அஞ்சுக்கு அஞ்சு, அதுல பேச்சே இல்ல. மேனுவலுக்கு மூணு. அந்த ரெண்டு மார்க் எங்க போச்சுன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா டைப் பண்ணிட்டு இருக்கேன், பொறுமை இருந்தா முழுசா படிங்க, இல்லன்னா கேஷ் (டேட்டாவ டிஸ்க்ல எழுதுறதுக்கு முன்னாடி தற்காலிகமா வெச்சுக்குற எடம்) பத்தி எழுதிருக்குற எடத்த மட்டுமாவது படிச்சிடுங்க, யாராவது ஒருத்தரோட டேட்டா பொழைக்கும்.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். கடலூர்லயும் பாண்டிலயும் சின்ன சின்ன எடங்களுக்கு சர்வர் பாத்துக்குறதுதான் பொழப்பு. ஒரு ஜவுளிக்கடை, ஒரு ஸ்கூல், ஒரு ஆடிட்டர் ஆபீஸ், இப்ப ஒரு லேப், இப்படி. யாருக்கும் லைசென்ஸுக்குன்னு லட்சக்கணக்குல கொட்டிக் குடுக்க வசதி கிடையாது, அதனால எல்லா எடத்துலயும் லினக்ஸ், அது மேல கேவிஎம் (லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே இருக்குற, இந்த வேலைக்கான பகுதி), கியூஎமு, லிப்வர்ட் (இது ரெண்டையும் மேய்க்குற சாஃப்ட்வேர்). ஒரே பொட்டிக்குள்ள நாலு கம்ப்யூட்டர் ஓடும், பில்லிங்குக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணு, பழைய விண்டோஸ்லதான் ஓடுவேன்னு அடம்புடிக்கிற ஏதோ ஒரு சாஃப்ட்வேருக்கு ஒண்ணு. கியூஎமுவ 2003ல ஆரம்பிச்சது ஃபாப்ரிஸ் பெல்லார்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் (பாண்டிக்காரங்க இதுக்கும் சேத்து காலரத் தூக்கி விட்டுக்கலாம்), கேவிஎம் 2007ல கெர்னல் 2.6.20ல உள்ள வந்துச்சு. விலை சைபர் ரூபா. உலகத்துல நெறைய கிளவுடு இது மேலதான் நிக்குதுன்னு சொன்னா ஜவுளிக்கடை மொதலாளி நம்ப மாட்டேங்குறாரு, ஓசில கெடைக்குறது எப்புடிப்பா நல்லா இருக்கும்னு கேக்குறாரு.

பொட்டிக்குள்ள ஓடுற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் விஎம்னு பேரு, கெஸ்ட்னும் சொல்லுவாங்க, அத தாங்குற நெஜப் பொட்டி ஹோஸ்ட். விஎம்முக்குள்ள இருக்குற ஹார்ட் டிஸ்க், வெளில இருந்து பாத்தா வெறும் ஒரு ஃபைல்தான், இமேஜ்னு பேரு. அந்த ஃபைல எப்படி உருவாக்குறது, எப்படி காப்பி பண்றது, கரெண்ட் போனா என்ன ஆகும், இதெல்லாம் சொல்ற பக்கங்களத்தான் இங்க ரிவ்யூ பண்றேன். கியூஎமுவோட சைட்ல இருக்குற மேனுவலும், அதுக்கு மேல உக்காந்துருக்குற லிப்வர்ட்டோட மேனுவலும் சேத்து.

இத உக்காந்து வரி வரியா படிக்க வெச்சது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி, பாண்டில 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அது. முதலியார்பேட்டை பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேப், கரெண்ட் போயி சர்வர் கொஞ்ச நேரம் யுபிஎஸ்ல ஓடிருக்கு, அப்புறம் பேட்டரியும் செத்து பொட்டுனு அணைஞ்சிருக்கு. நான் அதுவரைக்கும் அந்த சர்வர பாத்ததே இல்ல, வேற ஒருத்தர் போட்டுக் குடுத்தது, அவரு அன்னிக்கு போன் எடுக்கல. யாரோ என் நம்பர குடுத்துருக்காங்க.

"தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, ஆனா லேப் சாஃப்ட்வேர் வர மாட்டேங்குது. டிஸ்க் ரிப்பேர்னு என்னமோ ஓடிட்டே இருக்கு."

"எவ்ளோ நேரமா மேடம்?"

"காலைல இருந்து. டிபன் சாப்ட்டுட்டு வந்து பாத்தாலும் அதே பர்சன்டேஜ்தான்."

"ஒண்ணையும் அமுக்காதீங்க மேடம், தோ வரேன்."

போயி விஎம்மோட செட்டிங் ஃபைல தொறந்து பாத்தா டிஸ்க் வரியில கேஷ் அன்சேஃப்னு போட்டுருக்கு. பேருலயே இருக்கு பாருங்க, அன்சேஃப். போட்டவருக்கு யாரோ சொல்லிருப்பாங்க, இத போட்டா விண்டோஸ் பறக்கும்னு. பறக்கத்தான் செய்யும். விண்டோஸ் "இத டிஸ்க்ல எழுதிட்டியா, நெசமா எழுதிட்டியா"ன்னு கேக்குறதுக்கு ஃப்ளஷ்னு பேரு, அன்சேஃப் போட்டா அந்தக் கேள்விக்கு எழுதாமலே ஆமா ஆமான்னு தலையாட்டிரும். எல்லாம் ஹோஸ்ட்டோட ராம்லதான் மெதந்துட்டு இருக்கும். கரெண்ட் இருக்குற வரைக்கும் ராஜா, போன அடுத்த செகண்ட் கோவிந்தா.

இப்ப மேனுவலுக்கு வரேன். இது மேனுவல்ல இல்லாம இல்ல. கியூஎமு பக்கத்துல தெளிவா போட்டுருக்கான், ஹோஸ்ட்ல கரெண்ட் போனா உங்க இமேஜ் பெரும்பாலும் உபயோகத்துக்கு இல்லாம போயிரும்னு. ஆனா எங்க போட்டுருக்கான்? பிளாக்டெவ்னு ஒரு ஆப்ஷன், அதுக்குள்ள கேஷ் நோ-ஃப்ளஷ்னு ஒரு உள் ஆப்ஷன், அங்க. யாரு நேரா போயி பிளாக்டெவ் டைப் பண்றா? எல்லாரும் வர்ட்-மேனேஜர்ல (லிப்வர்ட்ட மவுஸ்ல கிளிக் பண்ணி ஓட்டுற ஸ்கிரீன்) டிராப் டவுன தொறந்து கேஷ் மோட செலக்ட் பண்றோம், இல்ல லிப்வர்ட்டோட எக்ஸ்எம்எல்ல, அதாவது விஎம்மோட செட்டிங் ஃபைல்ல, கை வைக்கிறோம். லிப்வர்ட் பக்கத்துல இதே அன்சேஃப் பத்தி என்ன இருக்குன்னா, ஹோஸ்ட் எல்லாத்தையும் கேஷ் பண்ணலாம், கெஸ்ட்டோட சிங்க் (மேல சொன்ன ஃப்ளஷ்தான்) கோரிக்கைய கண்டுக்க மாட்டோம்னு, ஒரே ஒரு வரி. விஷயம் தெரிஞ்சவனுக்கு அந்த வரி போதும். தெரியாதவனுக்கு அதுல கரெண்ட்டும் இல்ல, புயலும் இல்ல. எலெக்ட்ரிசிட்டி ஆபீஸ்ல அபாயம் போர்டு எழுதி பீரோக்குள்ள பத்திரமா வெச்சிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்ல "உயர் மின்னழுத்தம் உள்ளது"ன்னு மட்டும் எழுதுன மாதிரி.

இதுல இன்னொரு கூத்து, பேரு. லிப்வர்ட்ல நன்னுன்னு (ஒண்ணுமில்லன்னு அர்த்தம்) ஒரு கேஷ் மோடு இருக்குறதுதான் கியூஎமு பக்கத்துல கேஷ் டைரக்ட் ஆன், கேஷ் ரைட்பேக் ஆன்னு இருக்கு. பாண்டி பீச் ரோடு மாதிரிதான், போர்டுல கோபேர் அவென்யூன்னு இருக்கும், ஆட்டோக்காரர்கிட்ட கோபேர்னா முழிப்பாரு. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ற ஒரு டேபிள் இருக்கு, ரைட்பேக், நன், ரைட்த்ரூ, டைரக்ட்சிங்க், அன்சேஃப் அஞ்சையும் மூணு ஸ்விட்சா பிரிச்சு எது ஆன் எது ஆஃப்னு காட்டுற டேபிள். கியூஎமு மேனுவல்லயே எனக்கு ரொம்ப புடிச்ச எடம் அதுதான். அத பாத்தப்புறம்தான் ஒரு விஷயம் மண்டைல ஏறுச்சு: நன்னா கேஷே கிடையாதுன்னு அர்த்தம் இல்ல. ஹோஸ்ட்டோட ராம் கேஷ தாண்டிப் போகுது, அவ்ளோதான், ஹார்ட் டிஸ்க்குக்குள்ள இருக்குற கேஷ் அப்படியேதான் இருக்கு, கெஸ்ட் ஃப்ளஷ் அனுப்புனாத்தான் டேட்டா கெட்டி. பத்து வருஷமா நன் போட்டா கல்லு மாதிரின்னு நெனச்சிட்டு இருந்தேன். அதே மாதிரி ரைட்பேக்னா ஆபத்துன்னு பயந்துட்டு இருந்தேன், அதுவும் ஃப்ளஷ்ஷ மதிக்கும், அதுதான் கியூஎமுவோட டிஃபால்ட்டே. மூணாவது ஸ்விட்ச், ஃப்ளஷ்ஷ மதிக்காதே, அது ஆன்ல இருக்குறது அன்சேஃப்ல மட்டும்தான். இத்தன விஷயம் ஒரே டேபிள்ல. அத மேல தூக்கி வைக்காம, கமாண்ட் லைன் ஆப்ஷன் எல்லாம் வரிசையா போற ஒரு முடிவில்லாத பக்கத்துல நடுவுல சொருகி வெச்சிருக்காங்க, தேடித் தேடி கண்ணு பூத்துருச்சு.

சரி லேப் கதை. இமேஜ் 300 ஜிபி. மொத வேலையா விஎம்ம நிறுத்திட்டு முழுசா வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி, அதுக்கே மதியம் ஆயிடுச்சு. அப்புறம் அந்த காப்பி மேல கியூஎமு-இமேஜ்ங்குற, டிஸ்க் ஃபைல கையாளுற கமாண்டோட செக். இந்த எடத்துல மேனுவலுக்கு கையெடுத்து ஒரு கும்புடு. செக் பகுதி அவ்ளோ பொறுப்பா எழுதிருக்காங்க. லீக் வேற, கரப்ஷன் வேற, லீக்னா எடம் வீணாகுது, டேட்டாவுக்கு ஒண்ணும் இல்ல. ரிப்பேர்ல லீக்ஸ் மட்டும்னு ஒரு வகை இருக்கு, ஆல்னு ஒரு வகை இருக்கு, ஆல் போட்டா தப்பான ரிப்பேர் பண்றதுக்கும் ஏற்கனவே ஆன கரப்ஷன மறைச்சிடுறதுக்கும் வாய்ப்பு ஜாஸ்தின்னு கமாண்டுக்கு பக்கத்துலயே சொல்றான். திரும்பி வர நம்பர் கூட: 0 வந்தா சுத்தம், 2 வந்தா கரப்ட், 3 வந்தா வெறும் லீக். எனக்கு வந்தது 2. கையில காப்பி இருக்குற தைரியத்துல ஆல் போட்டேன், விண்டோஸ் எழுந்துச்சு, ஆனா லேப் சாஃப்ட்வேரோட டேட்டாபேஸ் ஃபைல் போச்சு. கடைசி பேக்கப் 11 நாளுக்கு முந்தினது. அந்த 11 நாள் ரிசல்ட்ட ரெண்டு பொண்ணுங்க ரிஜிஸ்டர் நோட்ட வெச்சு திருப்பி அடிச்சாங்க, ஒருத்தங்க படிக்க ஒருத்தங்க டைப் பண்ண, சர்க்கரை நூத்தி நாப்பத்தி ரெண்டு, யூரியா இருவத்தி எட்டுன்னு. நான் பக்கத்துல உக்காந்து கேஷ் நன்னுன்னு மாத்திட்டு இருந்தேன், நிமிந்து அவங்க மூஞ்சிய பாக்கல.

அந்த சர்வர்ல இருந்தது டெபியன் 9 (லினக்ஸ்ல ஒரு வகை), கியூஎமு 2.8. அரதப்பழசு. இதுல ரெண்டு வில்லங்கம். ஒண்ணு, ஓடிட்டு இருக்குற விஎம்மோட இமேஜ் மேல வேற யாரும் கை வைக்காம தடுக்குற லாக் 2.10லதான் வந்துச்சு. இப்ப நம்ம புது வெர்ஷன்ல விஎம் ஓடும்போது ரிசைஸ் (டிஸ்க் அளவ மாத்துறது) பண்ணப் பாத்தா ரைட் லாக் கெடைக்கல, வேற யாரோ யூஸ் பண்றாங்களான்னு திட்டிட்டு நின்னுரும். பழசு திட்டாது. நீ கேட்ட, நான் பண்ணேன்னு பண்ணிட்டுப் போயிரும். மேனுவல்ல, ஓடுற விஎம்மோட இமேஜ கியூஎமு-இமேஜ் வெச்சு மாத்தாதேன்னு வார்னிங் கண்டிப்பா இருக்கு, பக்கத்தோட ஆரம்பத்துலயே இருக்கு. ஆனா ஒருத்தன் கூகுள்ல தேடி நேரா ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட ஒரு நேரத்து நெலைய பிடிச்சு வைக்கிறது) சப்-கமாண்டுக்கோ ரிசைஸுக்கோதான் வந்து எறங்குவான், கோயிலுக்கு ராஜகோபுரம் வழியா வர்றவன் எத்தன பேரு, சைடு வாசல்லதான செருப்பு ஸ்டாண்டு இருக்கு. அந்த வார்னிங்க ஒவ்வொரு ஆபத்தான கமாண்டுக்கு கீழயும் ஒரு வரியா திருப்பிப் போட்டா என்ன காசா பணமா?

ரெண்டாவது, ஸ்பீடு. மேடம் சொன்னாங்க, புயலுக்கு முன்னாடியே ரொம்ப நாளா ஸ்லோதான் தம்பின்னு. அன்சேஃப் போட்ட மகானுபாவரும் அதுக்காகத்தான் போட்டுருப்பாரு போல. ஏன் ஸ்லோன்னு பாத்தா, கியூகவ்2 (கியூஎமுவோட சொந்த டிஸ்க் ஃபைல் வகை) இமேஜ்ல எந்த பிளாக் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணைக்கு எல்2 டேபிள்னு பேரு, அத ராம்ல வெச்சுக்குற எடம் அந்தக் காலத்து வெர்ஷன்ல 1 எம்பிதான் டிஃபால்ட். ஒரு என்ட்ரி 8 பைட், ஒரு கிளஸ்டர் (அந்த பிளாக்தான்) 64 கேபி, கணக்கு போட்டா 1 எம்பி கேஷ் 8 ஜிபி டிஸ்க்குக்குத்தான் பத்தும். இங்க டிஸ்க் 300 ஜிபி. அங்கங்க தாவித் தாவி படிக்கிற டேட்டாபேஸுக்கு, ஒவ்வொரு தடவையும் மொதல்ல அட்டவணைய டிஸ்க்ல இருந்து எடுத்துட்டு அப்புறம் டேட்டாவ எடுக்கணும். 3.1 வெர்ஷன்ல இருந்து இது லினக்ஸ்ல 32 எம்பி வரைக்கும் போகுது, 256 ஜிபி வரைக்கும் தாங்கும். இந்த விவரம் எல்லாம் கியூஎமு சோர்ஸோட வர்ற கியூகவ்2-கேஷ்னு ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கு. அய்யோ என்னா அழகா எழுதிருக்காங்க அத. கிளஸ்டர்னா என்ன, ஏன் இந்த கேஷ், ஃபார்முலா, உதாரணம், எப்ப கூட்டணும் எப்ப வேணாம்னு, நல்ல கணக்கு வாத்தியார் போர்டுல போட்டுக் காட்டுற மாதிரி. அதுக்கு தனியா அஞ்சுக்கு அஞ்சு. என் வயித்தெரிச்சல் என்னன்னா அது மெயின் மேனுவலோட ஓட்டத்துல இல்ல, டிஸ்க் ஸ்லோவா இருக்குன்னு தேடி வர்றவன் கண்ணுல படாது. பரண் மேல பட்டுப்பொடவை.

அடுத்தது ஸ்னாப்ஷாட். இதுக்கு அஞ்சுக்கு ரெண்டுதான் தருவேன். வெளியூர்க்காரங்க கடலூருக்கு ட்ரெய்ன்ல வரும்போது என்ன ஆகும் தெரியும்ல, கடலூர்ல எறங்குன்னு சொல்லிருவோம், அவங்க போர்டுல கடலூர்னு பாத்ததும் ஓல்டு டவுன்ல துறைமுகம் ஜங்ஷன்ல எறங்கி நிப்பாங்க, நாம நியூ டவுன்ல பைக்க வெச்சிட்டு நிப்போம், இங்க இருக்குற ஸ்டேஷன் பேரு திருப்பாதிரிப்புலியூர், அதுல கடலூர்ங்குற வார்த்தையே இல்ல. ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான். கியூஎமு-இமேஜ் ஸ்னாப்ஷாட்னா கியூகவ்2 ஃபைலுக்குள்ளயே எடுத்து வைக்கிறது. சேவ்விஎம்னா ராமையும் சேத்து உள்ள வைக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது மைனஸ் ஸ்னாப்ஷாட்னு குடுத்தா அது தலகீழ், எழுதுறதெல்லாம் டெம்பரரி ஃபைலுக்குப் போகும், நீயா கமிட் பண்ணலன்னா விஎம்ம மூடுனதும் காணாமப் போயிரும். லிப்வர்ட்ல டிஸ்க்-ஒன்லின்னு எடுத்தா வெளி ஸ்னாப்ஷாட், பழைய ஃபைல் அப்படியே அடியில நிக்கும், அது மேல புதுசா ஒரு ஃபைல் வந்து இனிமே எழுதுறதெல்லாம் அதுல போகும். நாலும் நாலு திசை. நாலுக்கும் ஒரே பேரு.

இதுல வெளி ஸ்னாப்ஷாட்ல ஒரு தம்பி மாட்டிருக்கான், என்கூட வேலைக்கு வர்ற பையன்தான். எடம் பத்தலன்னு டைரக்டரில பாத்தான், பேருக்குப் பின்னாடி ஸ்னாப்1னு ஒரு ஃபைல், ஒரிஜினல் ஒண்ணு. "அண்ணே, பழைய ஸ்னாப்ஷாட் எதுண்ணே, தூக்கிரவா?"ன்னு போன்ல கேட்டான். நான் பைக் ஓட்டிட்டே தூக்கிருடான்னுட்டேன். நல்லவேளை, டெலீட் அடிக்கிறதுக்கு முன்னாடி திருப்பி கூப்ட்டான், "அண்ணே, தேதி பாத்தா ஒரிஜினல்தான் பழசா இருக்கு, அதத்தான தூக்கணும்?"னு. பாலத்துக்கிட்ட வண்டிய ஓரங்கட்டிட்டு கத்துனேன் பாருங்க. அடியில இருக்குற ஃபைல தூக்குனா மேல இருக்குறது வெத்து ஓலை. சேக்கணும்னா பிளாக்கமிட் ஆக்டிவ் பிவட்னு லிப்வர்ட்ல ஒரு கமாண்ட் குடுத்து மேல இருக்குறத கீழ எறக்கணும், விஎம் ஓட ஓடவே செய்யலாம். அவன் மேல தப்பே இல்ல. ஸ்னாப்ஷாட்னா எடுத்து தனியா வெச்ச போட்டோதானன்னு அவன் நெனச்சான், பேரு அப்படித்தான சொல்லுது. எல்லா வகையையும் ஒரே பக்கத்துல பக்கம் பக்கமா வெச்சு, இதுல எந்த ஃபைல தொடக்கூடாதுன்னு ஒரு வரி, அவ்ளோதான் நான் கேக்குறது. லைவ் பிளாக் ஆபரேஷன்ஸ்னு கியூஎமுவுல ஒரு பக்கம் இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணா நிக்குற ஃபைல் செயின் எப்படி மாறுதுன்னு அம்புக்குறி போட்டுக் காட்டுற நல்ல பக்கம், ஆனா புரோகிராம் எழுதுறவனுக்காக எழுதுனது, நம்ம தம்பிக்கு இல்ல.

டிஸ்கார்ட் பத்தி சுருக்கமா. ஜவுளிக்கடை விஎம், 200 ஜிபி டிஸ்க், உள்ள விண்டோஸ்ல பாத்தா 60 ஜிபிதான் யூஸ் ஆகுது, வெளில ஃபைல் 190 ஜிபி வீங்கி நிக்குது. மொதலாளி புது ஹார்ட் டிஸ்க் வாங்கணுமாப்பான்னு பர்ஸ தடவிட்டே கேக்குறாரு. உள்ள அழிச்சத வெளில சொல்ற ஆப்ஷன் டிஃபால்ட்டா இக்னோர்ல இருக்கு, அத அன்மேப்னு மாத்தி, விஎம்ம ஒரு தடவ முழுசா மூடித் தொறந்து, விண்டோஸ்ல ஆப்டிமைஸ் ஓட்டுனா 70க்கு வந்துருச்சு. லினக்ஸ்காரன் இத டிரிம்ங்குறான், ஸ்கசிக்காரன் (ஸ்கசி ஒரு டிஸ்க் இணைப்பு முறை) அன்மேப்ங்குறான், கியூஎமு டிஸ்கார்ட்ங்குது. மூணும் ஒண்ணுதான்னு யாராவது ஒரு எடத்துல சொல்லிருந்தா எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சம்.

நல்லதையும் சொல்லணும், சும்மா கொறை மட்டும் சொல்லிட்டுப் போகக்கூடாது. 2020 வாக்குல மேனுவல பழைய ஃபார்மட்ல இருந்து ஸ்ஃபிங்ஸ்னு ஒரு மேனுவல் தயாரிக்கிற டூலுக்கு மாத்துனாங்க, அதுக்கப்புறம் தேடுற வசதி, தனித்தனி பக்கம்னு எவ்ளோ பரவாயில்ல. செத்துப்போன சமாச்சாரத்தையும் தூக்குறாங்க, ஷீப்டாக்னு ஒரு ஸ்டோரேஜ் டிரைவர் இருந்துச்சு, 2021ல டிரைவரயே எடுத்துட்டாங்க, இந்த வெர்ஷன்ல இது போச்சு, பதிலுக்கு இத யூஸ் பண்ணுன்னு நீக்குன வசதிகளுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு. அந்த லிஸ்ட எல்லா சாஃப்ட்வேரும் காப்பி அடிக்கணும். 6.1ல இருந்து பேக்கிங் ஃபைலோட (அடியில நிக்குற ஃபைல்) ஃபார்மட்ட சொல்லாம இமேஜ் உருவாக்க முடியாதுன்னு ஆக்குனப்ப என் பழைய ஸ்கிரிப்ட் எல்லாம் படுத்துருச்சு, செம கோவம், போயி படிச்சா காரணம் நியாயமா இருந்துச்சு, ஃபார்மட்ட யூகிக்க விட்டா ரா (தனக்குன்னு ஹெடர் எதுவும் இல்லாத வெறும்) டிஸ்க்க வெச்சிருக்குற கெஸ்ட் தானே ஒரு போலி ஹெடர் எழுதி ஹோஸ்ட்ல இருக்குற வேற ஃபைல படிக்கப் பாக்கலாம். லிப்வர்ட்டோட டொமைன் எக்ஸ்எம்எல் பக்கம் மட்டும் இன்னும் அதே அனுமார் வால்தான், டிஸ்க் பகுதி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு விரல் தேஞ்சுரும்.

லேப் வேலை முடிஞ்சப்புறம் நானே தமிழ்ல நாலு பக்கம் அடிச்சேன், என் பசங்களுக்காக. மொத பக்கத்துல அந்த கேஷ் டேபிள், நன், ரைட்பேக் ரெண்டு மட்டும் போடலாம், அன்சேஃப் போட்டா சம்பளம் கட். ரெண்டாவதுல நாலு ஸ்னாப்ஷாட்டுக்கும் நாலு பேரு வெச்சேன்: உள் படம், தூங்குற படம், அழிச்சிடுற படம், மாடி. வெளி ஸ்னாப்ஷாட்டுக்குத்தான் மாடின்னு பேரு, கீழ் வீட்ட இடிச்சா மாடி நிக்குமான்னு கேட்டதும் தம்பிக்கு டக்குனு புரிஞ்சிருச்சு, இப்ப அவனே மத்தவங்களுக்கு மாடிய எறக்குறதுன்னு சொல்லிக் குடுக்குறான். மூணாவதுல வீக்கம் கொறைக்கிறது. நாலாவதுல ஒரே வரி, பெரிய எழுத்துல: விஎம் ஓடும்போது கியூஎமு-இமேஜ் தொடாதே.

அந்த நாலாவது பக்கத்த லேமினேட் பண்ணி லேப்ல சர்வர் ரேக்குக்கு நேரா, கண்ணுக்கு எதிர்க்க ஒட்டிட்டு வந்தேன். போன மாசம் யுபிஎஸ் பேட்டரி மாத்தப் போனா அது மேலயே திருவந்திபுரம் பெருமாள் படம் போட்ட காலண்டர மாட்டிருக்காங்க. "அங்கதான் தம்பி ஆணி இருந்துச்சு"ங்குறாங்க மேடம். பெருமாள எறக்கி பக்கத்து சொவத்துல புதுசா ஒரு ஆணி அடிச்சு மாட்டிட்டு வந்தேன்.